குறை சொல்லி விற்பவர்

மீரா உசேன் பாய் குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஜவுளிக் கடையில் நின்றவர். துணியைப் பிரித்ததும் விலை சொல்ல மாட்டார். எங்கே நூல் விட்டிருக்கிறது, எந்த மடிப்பில் சாயம் மங்கியிருக்கிறது என்று விரலால் தொட்டுக் காட்டிய பிறகுதான் அளவுகோலை எடுப்பார். குறையை மறைத்து விற்பது ஹராம். "மொதலாளி தலையில அடிச்சிக்குவான் தம்பி. ஆனா கூட்டம் எங்கிட்டதான் நிக்கும்" என்பார்.

2007-இல் கூத்தாநல்லூருக்குத் திரும்பியபோது, அவரும் மனைவி சைத்தூன் பீவியும் ஹஜ்ஜுக்குப் போவதற்கென்று இரண்டு லட்சத்துப் பதினாறாயிரம் ஒதுக்கி வைத்திருந்தார். இளைய மகள் நிக்காஹ் முடிந்ததும் போவதாகத் திட்டம். அதுவரை பேங்கில் போட்டால் வட்டி வரும், வட்டி ஆகாது. கும்பகோணத்தில் நான் வேலை பார்த்த ஷேர் புரோக்கர் ஆபீசுக்கு வந்தார். காற்றாலைக் கம்பெனி ஒன்றில் ஆயிரத்து இருநூறு பங்கு, ஒன்று நூற்றெண்பது ரூபாய்க்கு வாங்கினார்.

"காத்து அல்லாவோடது. அதுல என்ன தப்பு வந்துடப் போவுது?"

மூன்று வருஷம் கழித்து இருவரும் சேர்ந்து வந்தார்கள். பங்கு தொண்ணூற்றிரண்டில் நின்றது. கம்பெனி தபாலில் அனுப்பிய ஆண்டறிக்கையை, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், பாய் என் மேஜைமேல் வைத்தார். "படிச்சிச் சொல்லு."

படித்தேன். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றை வாங்கக் கடன். அந்தக் கடனை அடைக்க இன்னொரு கடன். நூறு ரூபாய் சம்பாதித்தால் வட்டி மட்டும் நூற்றுப் பதினெட்டு. கம்பெனி முதலாளி தன் பங்குகளையே அடகு வைத்திருந்தார். எல்லாம் இருந்த நூற்று நாற்பதாம் பக்கத்தை அவருக்குப் பிரித்துக் காட்டினேன்.

"வட்டி வேணாம்னுதானே இங்க போட்டேன்" என்றார் பாய்.

"நொடிச்சிப் போனா பேங்குக்காரங்க எடுத்தது போவத்தான் பாய் மிச்சம். நாம கடைமடை."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. சைத்தூன் பீவிதான் கேட்டார்: "இன்னிக்கி வித்தா என்ன வரும்?"

"லட்சத்துப் பத்தாயிரம்."

"ஒருத்தருக்கு ஆவும்" என்றார் பாய். "நீ போயிட்டு வா. ஒன் அண்ணன் நெய்னா முகம்மது இந்த வருஷம் போறாரு. அவரோட போயிடு."

அந்த அம்மா முந்தானையைத் தலையில் இழுத்து விட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டரில் விற்பதற்கான கட்டத்தைத் திறந்தேன்.

"வாங்குறது யாரு தம்பி?"

"தெரியாது பாய். சூரத்தோ, கல்கத்தாவோ."

"ஒரு போன் போட்டு அவருகிட்ட வெவரத்தச் சொல்லிடலாமா?"

மேனேஜர் இராஜாங்கம் சிரித்துவிட்டார். "பாய், இது என்ன ஒங்க குவைத் கடையா? மீட்டர் போட்டு கிழிச்சிக் குடுக்குறதுக்கு?"

பாய் சிரிக்கவில்லை. சைத்தூன் பீவி அவர் பக்கம் திரும்பினார். "கம்பெனிக்காரன் ஒங்ககிட்ட கொறையச் சொல்லியா வித்தான்?"

"சொல்லித்தான் வித்திருக்கான். அப்பவும் இப்படி ஒரு புக்கு போட்டிருப்பான். இந்தா, நூத்தி நாப்பதாம் பக்கத்துல போட்டிருக்கு. நாந்தான் படிக்கல."

"அப்ப வாங்குறவரும் படிச்சிருப்பாருல்ல பாய்?" என்றேன்.

"நான் படிச்சனா?"

"வேணாம், மூடிடு தம்பி" என்று அறிக்கையை எடுத்து உறைக்குள்ளேயே திரும்பச் செருகினார். அவர் எழுந்த பிறகும் சைத்தூன் பீவி கொஞ்ச நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.

2014-இல் பாய் தனியாக வந்தார். சைத்தூன் பீவிக்கு முட்டி போய்விட்டது. பஸ் ஏற முடியாது. ஹஜ் போன அண்ணன் மக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த ஜம்ஜம் தண்ணீர் பாட்டிலை இன்னும் திறக்கவில்லையாம். கடன் கொடுத்தவர்கள் கம்பெனிமேல் வழக்குப் போட்ட செய்தி அன்றைக்குத் தமிழ் பேப்பரிலேயே வந்திருந்தது. அதை நாலாக மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"இப்ப விக்கலாம்ல தம்பி? ஊருக்கே தெரிஞ்சிடுச்சே."

விலை இரண்டு ரூபாய் பத்துப் பைசா. திரையை அவர் பக்கம் திருப்பினேன். விற்க நிற்பவர்களின் பங்கு நான்கு லட்சம். வாங்குகிற பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

துணியில் நூல் விட்ட இடத்தைக் காட்டுவதுபோல், அந்தப் பூஜ்யத்தின்மேல் விரலை வைத்தார்.

"இங்கயா விட்டிருக்கு?" என்று கேட்டார்.

"ஆமா பாய்."