முன்மொழிந்தவள்

வார்டு தேர்தலுக்கு ஷோபனா மனு கொடுத்தபோது, முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவள் அகிலாண்டம். இருவரும் ஒன்றாக நடவுக்குப் போகிறவர்கள். எதிர்த்து நின்றது, அகிலாண்டம் வீட்டுக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருந்த நிலக்காரரின் மனைவி. அன்று சாயங்காலமே நிலக்காரர் அகிலாண்டத்தின் புருஷனைக் கூப்பிட்டு, குத்தகையை வேறு ஆளுக்கு விடப்போவதாகச் சொல்லிவிட்டார்.

மனு பரிசீலனையில் அதிகாரி அகிலாண்டத்திடம் கேட்டார்: "இது உங்க கையெழுத்தாம்மா?"

"இல்லைங்க" என்றாள் அகிலாண்டம்.

ஷோபனாவின் மனு தள்ளுபடியானது. நிலக்காரர் மனைவி போட்டியில்லாமல் ஜெயித்தாள். குத்தகையும் தப்பியது.

தாளடி நடவுக்கு ஆள் சேர்க்க வந்த ஷோபனா, வழக்கம்போல வாசலில் நின்று, "வர்றியாக்கா?" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அகிலாண்டத்துக்கு.

வயலில் இறங்கும்போது, "பயந்துட்டேன்டி" என்றாள்.

"தெரியும்க்கா" என்று ஷோபனா நாற்றுமுடியை நீட்டினாள்.

அன்று பொழுது சாயும்வரை அகிலாண்டத்தால் அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.