வலது கைக்குத் தனி அளவு

டெய்லர் துணியைத் திருடிவிட்டார் என்றுதான் முதலில் நம்பினேன். என் மனைவியின் புது ரவிக்கையில் வலது கை மட்டும் ஏறவில்லை. ஒரகடத்தில் ஒரு பேக்டரியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் நான். அளவு விஷயத்தில் என்னை ஏமாற்ற முடியுமா? வாலாஜாபாத்தில் அவர் கடைக்கே போய் ரவிக்கையை மேஜையில் போட்டேன். மனுஷன் டேப்பை எடுத்து ரெண்டு கையையும் அளந்து காட்டினார். ஒரே அளவு.

"துணி சரியா கீது சார். வூட்ல அவங்க கையைப் பாருங்க."

பார்த்தேன். முழங்கைக்கு மேலும் கீழும் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. ஒன்றரை வருஷம் முன்னால் அவளுக்கு வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி என்று ஆபரேஷன் செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்தார்கள். அது திரும்பி வந்துவிட்டது என்று நானே முடிவு கட்டினேன். டாக்டரிடம் போனால் அதை வாய்விட்டுச் சொல்லிவிடுவார். போகாவிட்டால் சொல்ல மாட்டார். அவ்வளவுதான் என் வீரம்.

"இன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாமா? கை கனமா கீது."

"பாத்திரம் தேய்ச்சு தேய்ச்சு பாடி பில்டர் ஆயிட்டே. கம்பெனில ஆடிட் முடியட்டும், போலாம்."

சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் கை சும்மா இருக்குமா? ஹோஸ் பைப் ஒழுகினால் மேலே கிளாம்ப் போட்டு இறுக்குகிறவன் நான். கிரேப் பேண்டேஜ் வாங்கி வந்து, தண்ணி கீழே இறங்காமல் இருக்கட்டும் என்று தோளுக்குக் கீழே இறுக்கிக் கட்டினேன். சாயங்காலத்துக்குள் விரல்கள் கொழுக்கட்டை மாதிரி ஆயின. நான் இன்னும் ஒரு சுற்று சேர்த்தேன். இப்படியே நாலு மாசம்.

ஆடிட் முடிந்து அடுத்த ஆடிட்டும் வந்த பிறகு, அவளே ஷேர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டர், கட்டி திரும்பவில்லை என்றார். முடிச்சுகளை எடுத்த பக்கம் நிணநீர் வடிய வழி குறைந்து, கையிலேயே தேங்கிவிட்டதாம். சந்தோஷத்தில் பிசியோதெரபி மேடத்திடம், "அப்போ வெறும் தண்ணிதானே?" என்று இளித்தேன்.

அவர் கையை அழுத்திப் பார்த்தார். பள்ளம் விழவில்லை.

"ஆரம்பத்துலயே வந்திருந்தா தண்ணி சார். இப்போ உள்ள இறுகிடுச்சு. மேல இறுக்கினா அது எப்படி ஏறி வடியும்? விரல்லேர்ந்து சுத்தணும், கீழ இறுக்கமா, மேல போகப் போகத் தளர்வா. யார் கட்டினது?"

"கம்பெனி மெக்கானிக்கு," என்றாள் என் மனைவி, என்னைப் பார்க்காமல்.

கட்டுவதற்கென்றே அதிகம் இழுபடாத துணிப்பட்டை கொடுத்தார்கள். அதை விரலிலிருந்து தினமும் நான்தான் சுற்றிவிட்டேன். இப்போது பகலில், கையை இறுக்கிப் பிடிக்கும் அழுத்த உறை போட்டுக்கொள்கிறாள். அந்தக் கையில் ஊசி கிடையாது, பி.பி. பார்ப்பது கிடையாது. வீக்கம் பாதி வடிந்தது. இறுகிய பாதி அப்படியே நின்றுவிட்டது. டெய்லர் நோட்டில் அவள் அளவுக்குக் கீழே, வலது கைக்கு மட்டும் தனியாக ஒரு வரி இருக்கிறது.