சங்கிலி வகுப்பும் கட்டு வகுப்பும்

நாங்கள் பி.ஏ. கடைசி வருடத்தில் நுழைந்தபோது யுத்தம் தொடங்கியிருந்தது. பட்டம் மட்டும் இருந்தால் போதாது, கைக்கு ஏதாவது ஒரு வேலையும் தெரிந்திருக்க வேண்டும் என்று கல்லூரியில் தீர்மானித்து, மாலை நேரத்தில் சில சின்ன வகுப்புகளை ஏற்படுத்தினார்கள். சுருக்கெழுத்து, கணக்குப் பதிவு, இந்தி, நில அளவை, முதலுதவி. இவற்றில் விருப்பப்பட்ட இரண்டில் சேரலாம். கடைசியில் ஒரு சின்னப் பரீட்சையும் சான்றிதழும் உண்டு.

பெரும்பாலானவர்கள் சுருக்கெழுத்துக்கு ஓடினார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் நான் நில அளவையையும் முதலுதவியையும் எடுத்தேன். முதலாவதற்குக் காரணம் வேலை. சர்வே ஆபீசில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். இரண்டாவதற்குக் காரணம் என் அண்ணன்.

எங்கள் ஊர் திருவாதவூருக்குப் பக்கம். அப்பாவும் அண்ணனும் அடுத்தவர் வயலில் கூலிக்கு உழைத்தார்கள். ஒரு நாள் வாய்க்கால் வெட்டும்போது மண்வெட்டி அண்ணனின் கணுக்காலில் இறங்கிவிட்டது. ஆசுபத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கம்பவுண்டர் வாசலுக்கு வந்து, எட்ட நின்றபடியே மருந்தை ஊற்றிவிட்டு, துணிச்சுருளைத் தரையில் போட்டு, "நீங்களே கட்டிக்கங்க" என்றார். எங்களில் யாருக்கும் கட்டத் தெரியவில்லை. புண் சீழ் பிடித்தது. அண்ணன் உயிர் பிழைத்தான். அந்தக் கால் அதன்பின் நேராக ஊன்றவில்லை.

நில அளவை படிக்கப்போவதாக ஊரில் அப்பாவிடம் சொன்னேன். "அளக்கப் படிக்கிறயா? நமக்கு அளக்க என்னடா இருக்கு?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "ஊரார் நெலத்தத்தாம்ப்பா அளக்கணும்" என்றேன். "அளக்குறப்ப உள்ள விடுவாகளா?" என்றார்.

மாணவர்கள் நில அளவைக்குச் சங்கிலி வகுப்பு என்றும் முதலுதவிக்குக் கட்டு வகுப்பு என்றும் பெயர் வைத்திருந்தார்கள். இரண்டிலுமே இருவர் இருவராகச் சேர்ந்துதான் பழக வேண்டும்.

சங்கிலி வகுப்பில் எனக்குத் துணை கிடைப்பதில் தொல்லை இருக்கவில்லை. மதுரைக்கு மேற்கே, நிலபுலமுள்ள ஒரு பெரிய சம்சாரி வீட்டுப் பையன் என்னோடு சேர்ந்தான். அளவைச் சங்கிலியின் நீளம் அறுபத்தாறு அடி. ஒரு முனையில் அவன், மறுமுனையில் நான். நடுவே அந்த இரும்பு விறைப்பாகக் கிடக்கும். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. "பிடிச்சுக்கிட்டியா?" என்று அவன் கத்துவான். "பிடிச்சிட்டேங்க" என்று நான் கத்துவேன். ஒரே வகுப்பு, ஒரே வயது. ஆனாலும் அவன் எனக்கு 'நீங்க', நான் அவனுக்கு 'நீ'. இப்போது எழுதும்போதுதான் அவன் என்று எழுதுகிறேன். அன்றைக்கு அது வாயில் வந்திருக்காது.

கட்டு வகுப்பு அப்படியல்ல. ஒருவர் கையை இன்னொருவர் மடியில் வைத்துக் கட்ட வேண்டும். தலையைப் பிடித்துத் திருப்ப வேண்டும். முதல் நாள் டாக்டர், "ரெண்டு ரெண்டு பேராப் பிரிஞ்சுக்கங்க" என்றதும் பெஞ்சுகள் நகர்ந்தன. "வா மாப்ள", "இங்கிட்டு வா மாப்ள" என்று ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டார்கள். சங்கிலி வகுப்பில் என் ஜோடியான மேற்கத்திப் பையன் தன் மாமா மகனோடு உட்கார்ந்தான். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் நகரத்து ஆசுபத்திரியிலிருந்து வாரம் ஒரு முறை வருபவர், சாந்தமான மனிதர். அவர் சுற்றிப் பார்த்தார். யாரையும் கட்டாயப்படுத்த அவருக்குத் துணிவில்லை. "இன்னைக்கு அந்த நாற்காலியில பழகு" என்றார்.

இன்றைக்கு என்றது பருவம் முழுக்க நீண்டது. நான் நாற்காலியின் கைக்குக் கட்டுப் போட்டேன், காலுக்குக் கட்டுப் போட்டேன். நாற்காலிக்கு வலிக்காது. இறுக்கமா, தளர்வா என்று அது சொல்லாது.

ஒரு சனிக்கிழமை சங்கிலி வகுப்புக்காரர்களை ஒத்தக்கடைக்கு அழைத்துப்போனார்கள். யானைமலை அடிவாரத்தில், தண்ணீர் வற்றிய கண்மாயை அளக்க வேண்டும். ஆசிரியர் கரையில் நின்றார். நாங்கள் ஜோடி ஜோடியாகத் தொலைவில் பிரிந்து போனோம். நான் செருப்பில்லாமல் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னே நடந்தேன். மலைக்கல் உடைத்த சில்லுகள் அங்கங்கே புதைந்து கிடந்தன. ஒன்று என் உள்ளங்காலைக் கிழித்துவிட்டது. சங்கிலியை விட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

அந்த முனையில் சங்கிலி தளர்ந்ததும் அவன், "என்னப்பா, ஏன் விட்ட?" என்று கத்தினான். நான் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். ஓடி வந்தான். வந்தவன் இரண்டு எட்டு தள்ளியே நின்றுவிட்டான்.

"எம்புட்டு ரத்தம்ப்பா! காலைக் காட்டு."

"வேணாங்க. நானே கட்டிக்கிறேன்."

"உள்ளங்கால எப்படி நீயே கட்டுவ? நீட்டுப்பா காலை."

நான் நீட்டவில்லை. அவன் கரையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, என் காலைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். தோளிலிருந்த துண்டைப் பல்லால் கடித்துக் கிழித்தான். சில்லை எடுத்துவிட்டு, பாதத்தையும் கணுக்காலையும் சேர்த்து, எட்டுப் போடுவதுபோல் மாற்றி மாற்றிச் சுற்றினான். வகுப்பில் சொல்லித் தந்த அதே கட்டு.

எனக்கு நன்றி தோன்றவில்லை. பயம்தான் தோன்றியது. வலியைக்கூட மறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று கரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிச்சுப் போட்டுவிட்டு அவன் எழுந்து, கண்மாய்ப் பள்ளத்தில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் கையைக் கழுவினான். ரத்தம் பட்ட கையை யாரும் கழுவத்தான் செய்வார்கள். ஆனாலும் அவன் எவ்வளவு நேரம் கழுவுகிறான் என்று நான் பார்த்தேன்.

"ஹாஸ்டல்ல யார்ட்டயும் சொல்லிறாதப்பா" என்றான்.

"சொல்ல மாட்டேங்க" என்றேன்.

அடுத்த கட்டு வகுப்புக்கு நான் நொண்டிக்கொண்டு போனேன். டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "யாருப்பா இது கட்டினது?" என்றார். "வழியில யாரோ ஒருத்தர் சார்" என்றேன். "இது நான் சொல்லிக் குடுத்த கட்டுல்ல! இம்புட்டு சுத்தமாக் கட்டினவன் இந்த வகுப்புலதான் இருக்கணும்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அந்தச் சந்தோஷத்தில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஒத்தக்கடையில் என்னோடு சங்கிலி பிடித்தவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒவ்வொரு தலையாக அவன் பக்கம் திரும்பியது. அவன் பெஞ்சைப் பார்த்தபடியே இருந்தான். பக்கத்திலிருந்த மாமா மகன் சற்று நகர்ந்து உட்கார்ந்தான்.

அன்று இரவு அவர்கள் ஆட்கள் மட்டும் தங்கும் ஹாஸ்டலில் அவன் இலையைத் தனியாகப் போட்டார்களாம். அவன் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டதாக மறுநாள் பேசிக்கொண்டார்கள். பிறகு கட்டு வகுப்பில் அவனைக் காணவில்லை.

பரீட்சை நாளில்தான் வந்தான். எல்லோரும் ஜோடியாக உட்கார்ந்திருந்தார்கள். மாமா மகன் வேறொருவனோடு சேர்ந்திருந்தான். நின்றுகொண்டிருந்தவர்கள் அவனும் நானும் மட்டும். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவன் வந்து என் எதிரே உட்கார்ந்தான். "நீ சொன்னியா?" என்று மெல்லக் கேட்டான்.

"சத்தியமா இல்லைங்க."

"தெரியும். சும்மா கேட்டேன்" என்று சொல்லிக் கையை நீட்டினான்.

முன்கை எலும்பு முறிந்தால் போடும் கட்டு எனக்குப் பரீட்சைக் கேள்வியாக வந்திருந்தது. அவன் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் கை சூடாக இருந்தது, கனத்தது, நான் தூக்கினால் தானும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தது. துணியைச் சுற்றினேன். "இறுக்காத, விரல் மரத்துப்போகுது" என்றான். தளர்த்தினேன். கட்டி முடித்ததும் ரத்தம் ஓடுகிறதா என்று நாடி பார்க்க வேண்டும் என்பது விதி. அவன் மணிக்கட்டில் விரலை வைத்தேன். துடிப்பு கிடைத்தது. எண்ணி முடித்தபிறகும் டாக்டர் வரும்வரை விரலை எடுக்கவில்லை. அவனும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

இருவரும் தேறினோம். அதற்குள் அவன் அப்பா வந்து ஹாஸ்டல் அறையைக் காலி செய்து, டவுனில் உறவினர் வீட்டில் அவனைக் கொண்டுபோய் விட்டிருந்தார். நாங்கள் சிநேகிதர்களாகவில்லை. பட்டப் பரீட்சையின் கடைசி நாளில் வாசலில் பார்த்தபோது, "பட்டாளத்துல மருத்துவப் பிரிவுக்கு ஆள் எடுக்குறாக. போறேன்" என்றான்.

"வீட்டுல விடுவாகளா?"

"கேட்டாத்தான!" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எனக்கு சர்வே ஆபீசில் வேலை கிடைத்தது. யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து அவன் ஊர்ப் பக்கத்து நிலங்களை அளக்கப் போனேன். எல்லை காட்ட வந்த ஊர்ப் பெரியவரிடம், இன்னார் வீட்டுப் பிள்ளை எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"ஒரே காலேஜுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பட்டாளத்துக்குப் போனாக. திரும்பி வரல" என்றார். பிறகு வரப்பில் முன்னே நடந்தார். அவன் அப்பா இருக்கிறாரா என்று கேட்க நினைத்தேன். அந்த வீட்டு வாசலில் நின்று நான் என்ன சொல்லிக்கொள்ள முடியும் என்று தெரியவில்லை. கேட்காமல் அவர் பின்னால் போனேன்.