எழுபத்திரண்டாவது கட்டம்

வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்து கணவர் படுத்த பிறகு, ஆபீஸில் பெரிய மனது பண்ணி என்னை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னார்கள். ஆனால் லினக்ஸ் லேப்டாப்பில்தான் பார்க்க வேண்டும். பழைய தங்கச் சுரங்கத்து ஊரான கோரமண்டலில் எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் அதை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

என் வேலை மெயின்ஃபிரேம் அசெம்பிளர். பெரிய கணினிகளுக்கான பழைய மொழி. ஒரு வரிக்கு எண்பது கட்டம்; எதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று சட்டம் உண்டு. எழுபத்திரண்டாவது கட்டத்தில் ஒரு எழுத்து விழுந்தால் போச்சு, அடுத்த வரியையும் இதே வரியின் மிச்சம் என்று எடுத்துக்கொள்ளும். ஆபீஸின் பழைய திரையில் எழுத்தின் மேலேயே எழுத்து அடிப்போம், எதுவும் நகராது. விரலுக்கு அதுதான் பழக்கம்.

"எந்த எடிட்டர் வேணுமோ நீங்களே எடுத்துக்கங்க மேடம்" என்று பெங்களூரிலிருந்து டீம் லீடர் சொல்லிவிட்டார். எடிட்டர் என்றால் புரோகிராமை அடித்துத் திருத்தும் மென்பொருள். முதலில் எடுத்ததில் எழுத்து அடித்தால் கட்டளை என்று நினைத்து வரியையே அழித்தது. சனியன்! அடுத்தது பார்க்க லட்சணமாக, கலர் கலராக இருந்தது. அதில் மயங்கினேன். ஒரு திருத்தம் செய்தேன். வரி முழுவதும் வலது பக்கம் தள்ளிக்கொண்டு போய், ஓரத்தில் இருந்த என் குறிப்பின் கடைசி எழுத்து சரியாக அந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், அடுத்த வரியும் காலி. எழுத்தின் மேலேயே அடிக்க விடுமா என்று இன்சர்ட் பட்டனை அமுக்கினேன். அது கண்டுகொள்ளவே இல்லை. விரலால் கட்டங்களை எண்ணி எண்ணி அழுதேவிட்டேன்.

"இன்னாத்துக்கு அழுவுற?" என்றார் கணவர் கட்டிலிலிருந்து.

"ஒரு எழுத்து நகந்துபோச்சு."

"அதுக்கா?"

அதற்குத்தான். இது சரிப்படாவிட்டால் தினமும் விடிகாலை ரயிலில் பெங்களூர் ஆபீஸுக்குப் போய் இருட்டிய பிறகுதான் திரும்ப வேண்டும். இவரைப் புரட்டிப் படுக்க வைக்க யார் இருக்கிறார்கள்?

டீம் லீடருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டேன். "கொஞ்சம் டைம் குடுங்க சார், வேற எடிட்டர் பாக்கறேன்."

அவருக்கு நிஜமாகவே மனசு கேட்கவில்லை. "எதுக்கு மேடம் இவ்ளோ கஷ்டம்? பழைய ஸ்கிரீன் இங்க இருக்குதே. திங்கட்கிழமைலேர்ந்து ஆபீஸுக்கே வந்துருங்க. மேலயும் பேசிட்டேன்."

நல்ல மனுஷன். அவரிடம் நான் எப்படிச் சண்டை போடுவது? தேங்க்ஸ் சொல்லி வைத்தேன்.

கணவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். "போய்ட்டு வா, நான் இருந்துக்கறேன். அந்தத் தண்ணி பாட்டில மட்டும் எடது கை பக்கமா வச்சுடு."

வைத்தேன். கையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட" என்றார்.