அம்மா உயிரோடு வந்த ஸ்பெஷல் எடிஷன்

கொட்டகலை வீடியோ கடை மருதமுத்து அண்ணன் இன்று காலை போய்விட்டார்.

பழைய மாணவி ஒருத்தி வாட்ஸ்அப்பில் சொன்னாள். அழத்தான் உட்கார்ந்தேன்... சிரிப்பு வந்துவிட்டது. அவரைத் தெரிந்தவர்கள் என்னைத் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து மலையகத்துக் கொட்டகலைக்கு இங்கிலிஷ் டீச்சராகப் போனேன். பஜாரில் இவருடைய கடை. வீடியோ கெசட் வாடகைக்குக் கொடுப்பார். ஞாயிறு பின்னேரங்களில் கடைக்குப் பின்னாலிருந்த அறையில் பெஞ்ச் போட்டு, டிவியும் டெக்கும் வைத்துப் படம் காட்டுவார். சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள்.

எல்லோருக்கும் பிடித்தது ஒரு இங்கிலிஷ் படம். விண்வெளி, ரோபோ, வெடி... வேறு கிரகத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் சிப்பாய் ரோபோக்களோடு சண்டை போட்டு ஊர் திரும்புகிற கதை.

இங்கிலிஷ் யாருக்கும் விளங்காது. அதனால் மருதமுத்து அண்ணன் டிவிக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொல்லுவார்.

நானும் ஒரு ஞாயிறு போய் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் விஷயம் விளங்கிவிட்டது. அவருக்கும் இங்கிலிஷ் தெரியாது!

அவர் கதையில் ரோபோக்களின் தலைவன் தோட்டத்தை நடத்துகிற பெரிய தொரை. ரோபோக்கள் வரிசையாக நின்றால் அது வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டு. லீவு கேட்டதற்காகத் தொரை அதுகளைத் திட்டுகிறான். படத்தில் அவன் பேசியது ஏதோ எரிபொருளைப் பற்றி...

ஒரு இடத்தில் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து ஒரு போட்டோவை எடுத்துப் பார்த்து அழுவாள். அழுதபடியே ரேடியோவில் தன் விண்கலத்தின் நம்பரைச் சொல்லி உதவி கேட்பாள். அவ்வளவுதான் வசனம்.

மருதமுத்து அண்ணன் சொன்னது, "அவங்க அம்மா செத்துப் போச்சாம். கடைசியா மூஞ்சியக்கூட பாக்க முடியலையாம்."

பெஞ்சிலிருந்த பெண்கள் எல்லாம் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

படம் முடிந்ததும் அவரைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணை, அவள் அப்பிடி ஒண்டும் சொல்லேல்லையே."

அவர் கோபப்படவில்லை. கெசட்டை ரீவைண்ட் போட்டுக்கொண்டே, "தெரியும் டீச்சர். ஆனா அந்தப் புள்ள வேற எதுக்கு அழுகும்?" என்றார்.

பிறகு தன் கதையைச் சொன்னார். அவருடைய அம்மாவும் தம்பியும் பிரஜாவுரிமை கிடைக்காமல் கப்பலேறி இந்தியாவுக்குப் போனவர்கள். இவருக்கு இங்கே பிரஜாவுரிமை கிடைத்ததால் தங்கிவிட்டார். அம்மா இறந்த செய்தி தபாலில் வந்தபோது எல்லாக் காரியமும் முடிந்து ஒரு மாதமாகிவிட்டதாம்.

அதற்குப் பிறகு நான் ஏன் வாயைத் திறக்கப் போகிறேன்... எத்தனை ஞாயிறு அந்தப் படத்துக்குப் போய் மற்றவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறேன்.

சில வருடங்களில் டிவிடி காலம் வந்தது. ஒருநாள் கொழும்புக்குப் போனவர், புறக்கோட்டையில் அதே படத்தின் ஸ்பெஷல் எடிஷனைக் கண்டுபிடித்துவிட்டார். வெள்ளி நிறத் தகரப் பெட்டி. உள்ளே இரண்டு டிஸ்க். ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாராம்.

நேராக என்னிடம் கொண்டுவந்தார், பெட்டியின் மேல் எழுதியிருந்ததை வாசிக்கச் சொல்லி. தியேட்டரில் காட்டாத காட்சிகள் இருபது நிமிடம் சேர்த்திருப்பதாகப் போட்டிருந்தது.

சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார். அப்படியென்றால் தானும் இருபது நிமிடத்துக்குப் புதிதாக யோசிக்க வேண்டுமே என்றார். முன்னாலேயே ஒருமுறை போட்டுப் பார்த்துவிடச் சொன்னேன். கேட்கவில்லை. சனத்தோடு சேர்ந்துதான் பார்ப்பாராம்.

அந்த ஞாயிறு உட்கார இடமில்லை. ஜன்னலுக்கு வெளியேயும் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பழைய படத்தில் விண்கலம் பூமியில் இறங்குவதோடு சரி. இதில் அதோடு முடியவில்லை. அந்தப் பெண் ஒரு வீட்டுக்கு நடந்து போகிறாள். கதவைத் தட்டுகிறாள். நரைத்த தலையோடு ஒரு அம்மா கதவைத் திறக்கிறாள்.

"மம்," என்று அந்தப் பெண் அவளைக் கட்டிப்பிடிக்கிறாள்.

அந்த ஒரு சொல்லுக்கு யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அறை முழுக்கத் திரும்பி மருதமுத்து அண்ணனைப் பார்த்தது.

முன் பெஞ்சிலிருந்து தங்கம்மா அக்கா, ஒரு ஞாயிறு விடாமல் அழுதவர், மெதுவாகக் கேட்டார். "அண்ணே... அம்மா செத்துப் போச்சுன்னீங்களே?"

அது பெரியம்மா என்று சொல்லி அவரைக் காப்பாற்றிவிடலாம் என்று எழும்பினேன். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி, வேண்டாம் என்றார்.

"அம்மாதான். சாகல," என்றார். "நமக்குத்தான் தகவல் தப்பா வந்துருச்சு."



முதலில் தங்கம்மா அக்கா கை தட்டினார். அவ்வளவுதான்... அறை அதிர்ந்தது. குடை பிடித்து நின்றவர்களும் குடையை விட்டுவிட்டுக் கை தட்டினார்கள். யாரோ வீட்டில் உண்மையாகவே ஆள் திரும்பி வந்துவிட்ட மாதிரி.

அந்தக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னார்கள். நாலு தடவை போட்டார்.

முதல் தடவை அந்த அம்மா, "சாப்டியா?" என்று கேட்டாள். அடுத்த தடவை, "ஏன் இப்புடி எளைச்சுப் போயிட்ட?" என்று கேட்டாள். மூன்றாவது தடவை ஏன் இவ்வளவு நாள் கடுதாசி போடவில்லை என்று சண்டையே பிடித்தாள்.

நாலாவது தடவை அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபடி நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

இரண்டாவது டிஸ்க்கில் படம் எடுத்த விதத்தைக் காட்டினார்கள். ஷூட்டிங் இடைவேளையில் அந்தப் பெண்ணும், அம்மாவாக நடித்தவரும், தலையைக் கழற்றி வைத்த ஒரு ரோபோவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையில் எதையோ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அது நம்ம தேயிலைதான் என்று மருதமுத்து அண்ணன் அடித்துச் சொன்னார். அதை ஒருவரும் சந்தேகப்படவில்லை... நான் உட்பட.

இரவு பஸ்ஸில யாழ்ப்பாணத்திலயிருந்து புறப்படுறன், அண்ணை. விடிய உங்கட வாசலில நிற்பன்.