அவளுடைய பியூரெட்

கடலூரில் பிளஸ் டூ படித்தபோது வேதியியலில் எப்போதும் எனக்கு இரண்டாவது இடம்தான். முதல் மார்க் வாங்குகிறவள் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பா கடலுக்குப் போகிறவர். டியூஷன் என்ற பேச்சே அவள் வீட்டில் இல்லை. நான் விடிவதற்குள் சைக்கிள் மிதித்து டியூஷனுக்குப் போய், சமன்பாடுகளை எழுதி எழுதிப் பார்ப்பேன். அவளுக்கு ஒருமுறை வாசித்தால் போதும். உப்பு ஆய்வில் சோதனைக் குழாயை லேசாக முகர்ந்துவிட்டு, அசிடேட் என்பாள். சரியாக இருக்கும். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

மாதிரி செய்முறைத் தேர்வில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன் வந்தது. பியூரெட் என்ற அளவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விட்டு, ஃப்ளாஸ்க்கில் லேசான இளஞ்சிவப்பு வந்ததும் நிறுத்த வேண்டும். என் முதல் அளவே தப்பாகிப்போயிருந்தது. அவள் தன்னுடையதைக் குறித்துக்கொண்டு, அடுத்த ஃப்ளாஸ்க்கைப் பியூரெட்டுக்கு அடியில் வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போனாள். மிஸ் மறுபக்கம் திரும்பியிருந்தார். என் கை போய் அவளுடைய பியூரெட்டின் திருகைத் திறந்துவிட்டது. கை போய் என்று எழுதுவதும் பொய்தான். நான் திறந்தேன்.

அவள் வருவதற்குள் ஃப்ளாஸ்க் முழுதும் கருஞ்சிவப்பாகியிருந்தது. அதைக் கழுவி, மறுபடி கரைசல் எடுத்து, ஆரம்பத்திலிருந்து செய்தாள். உப்பு ஆய்வை முடிக்க அவளுக்கு நேரம் போதவில்லை. முதல் மார்க் எனக்கு வந்தது. மிஸ் என் நோட்டை எல்லோருக்கும் காட்டினார்.

வெளியே வந்ததும் அவள் என் தோளைத் தொட்டாள்.

"அந்த பியூரெட் லீக் ஆவுதுடி. பரீட்சைல உனக்கு அது வந்தா வேற கேட்டு வாங்கிக்க."

அவள் இப்படி நல்லவளாகவும் இருந்தது எனக்கு இன்னும் எரிந்தது.

பொதுத்தேர்வில் அவள் என்னைவிட ஏழு மார்க் அதிகம் வாங்கி டாக்டருக்குப் படிக்கப் போனாள். நான் சிதம்பரத்தில் பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்தேன். இரண்டு வருடம் கழித்து சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். கிள்ளையில் அத்தை வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். அன்று செய்ததைச் சொல்லிவிடலாம் என்று தைரியம் வந்தது. அதற்குள் அவள் என் படிப்பைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன்.

"கெமிஸ்ட்ரியா? எனக்கு அது புடிக்கவே புடிக்காதுடி. மார்க்குக்குத்தான் படிச்சேன்."

எனக்குப் பிடித்த ஒரே பாடம் அது. பிடிக்காமலேயே அவள் அதில் முதலாவதாக இருந்திருக்கிறாள். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டேன். கிள்ளை பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து கையசைத்தாள். நானும் சிரித்தபடி கையசைத்துவிட்டு ஹாஸ்டலுக்கு நடந்தேன். பள்ளிக்கூடத்தில் இருந்ததைவிட வயிற்றெரிச்சல் ஜாஸ்தியாக இருந்தது.