பூமணியக்காவின் கொண்டை

மனிதத் தலையில் கட்டை பட்டால் தேங்காய்ச் சிரட்டைச் சத்தம் வராது. ஆயுள் முழுக்கத் தாதியாக வேலை செய்தவள் சொல்கிறேன், நம்பலாம். ஆனால் எங்கள் கிளினிக்கில் ஒரு நாள் வந்தது. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குப் பிரயோசனப்படும் என்றுதான் எழுதுகிறேன். சிரிப்பதென்றால் சிரித்துவிட்டு வாசியுங்கள்.

1. வளர்ந்த மனுசி

அது எலும்புத் தேய்வுக்காரருக்கான கிளினிக். இந்த வருத்தத்தில் எலும்பு உள்ளுக்குள் கோதாகிவிடும். முதுகெலும்பு சத்தமில்லாமல் நொறுங்கி அமுங்கினால் ஆள் உயரம் குறைந்து கட்டையாகிவிடுவார். அதனால் வருகிற எல்லாருக்கும் உயரம் பார்ப்போம். சுவரோடு நிறுத்தி, தலைக்கு மேலே இருக்கும் கட்டையை இறக்கி, இலக்கத்தைச் சொல்வது என் வேலை.

பூமணியக்கா உன்னிச்சைப் பக்கம் எருமை வளர்த்துத் தயிர் விற்பவர். எருமைப் பட்டியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டு எங்களிடம் வந்தார். முதலில் பார்த்ததைவிட அடுத்த முறை உயரம் கொஞ்சம் குறைந்திருந்தது. டொக்டர் வாரத்துக்கு ஒன்றாகக் குளிசை எழுதினார். வெறுவயிற்றில் பச்சைத் தண்ணீரோடு போட வேண்டும், போட்டபின் அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது. மகன் குகன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான்.

அதற்கடுத்த கிளினிக்கில் பூமணியக்கா ஓர் அங்குலம் வளர்ந்திருந்தார்.

டொக்டருக்குச் சந்தோசம். எனக்குச் சந்தேகம். அந்த வயதில் வளர்வது காதும் வாயும் மட்டும்தான். ஆனால் அதற்குள் கதை, வந்தவர்கள் காத்திருக்கும் வாங்கு முழுக்கப் பரவிவிட்டது. "மிஸ், பூமணிக்குக் குடுத்த வளருற குளிசைய எனக்கும் தாங்க" என்று ஒருவர். "என்ட பேத்திக்கு மாப்பிள்ள பாக்கிறம், அவளுக்கும் ரெண்டு தாங்க" என்று இன்னொருவர். அன்று நான் கத்திய கத்தில் மருந்தெடுக்கும் யன்னலில் நின்ற வரிசைகூட நேரானது.

2. டொக்

அடுத்த முறை பூமணியக்கா உச்சந்தலையில் கோபுரம் மாதிரிக் கொண்டை போட்டு, அதைச் சுற்றிப் பூவும் வைத்து வந்தார்.

"மிஸ், மெதுவா இறக்குங்க. தல நோகுது."

மெதுவாகத்தான் இறக்கினேன். டொக் என்றது. திரும்பவும் இறக்கினேன். திரும்பவும் டொக். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

"அக்கா, கொண்டைய அவிழுங்க."

"வேணாம் மிஸ். கட்ட ஒரு மணித்தியாலம் எடுத்த."

அவிழ்த்தேன். உள்ளே கழுவித் துடைத்து மினுக்கிய அரைச் சிரட்டை.

"போன முறை பழஞ்சீலத் துண்டுதான் வெச்ச" என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "அது அமுங்குது மிஸ். அதான் சிரட்ட."

டொக்டர் சிரிப்பை அடக்க முடியாமல் கதிரையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். எனக்கு மூக்கு நுனிவரை கோபம். "எங்களப் பேய்க்காட்டவா இவ்வளவு தூரம் வாறீங்க?" என்று தொடங்கினேன். அந்த மனுசி என் கையைப் பிடித்துவிட்டார்.

"மகனுக்குக் கேக்கும், மெல்லப் பேசுங்க. இனியும் உயரம் குறைஞ்சா எருமையெல்லாத்தையும் வித்துப்போடுவன் எண்டு நிக்கான். அதுகள் போனா நான் என்னத்துக்குக் காலம எழும்புற? மறுகா ஆர் என்னத் தேடுற?"

அந்தக் கேள்வியில் என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. பாவமாகப் போய்விட்டது. அவிழ்ந்த தலையோடு திரும்பவும் நிறுத்தி அளந்தேன். உயரம் முன்பு குறைந்த இடத்திலேயே நின்றது. அதற்குமேல் ஒரு நூல்கூட இறங்கவில்லை. சிரட்டைக்கு வேலையே இருக்கவில்லை.

3. தூக்குகிறவர் யார்

டொக்டர் குகனைக் கூப்பிட்டார். சிரட்டையைத் தூக்கி என் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

"அம்மாக்கு உயரம் குறையல்ல. எருமைய விக்கத் தேவல்ல" என்றார் டொக்டர். "அம்மா நடக்கோணும், வெயில் படோணும். எருமைக்குப் பின்னால போறது நல்லந்தான். ஆனா விழக் கூடாது, குனிஞ்சு பாரம் தூக்கக் கூடாது. பட்டியில வழுக்கிற இடத்துக்கு மண்ணும் கல்லும் போடுங்க."

"தயிர் தின்னுறீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"தயிர் விக்கிறதுக்கெல்லோ மிஸ். நான் குடிக்கிற பிளேன்ரீ."

ஊருக்கெல்லாம் கல்சியம் விற்கிற மனுசியின் வயிற்றில் பாலில்லாத வெறும் சாயத்தண்ணீர். இனி நாளுக்கு ஒரு கோப்பை தயிர் தன் வாய்க்கு என்று சத்தியம் வாங்கினேன்.

"அப்ப பால் வாளி, தயிர்ச் சட்டியெல்லாம் ஆர் டொக்டர் தூக்கிற?" என்றான் குகன்.

நாங்கள் மூன்று பேரும் அவனையே பார்த்தோம்.

என் பாடம் இதுதான் பிள்ளைகளே. அளவு கோணலாக வந்தால் ஏசுவதற்கு முன்னால், உண்மையைச் சொன்னால் இவருக்கு எது பறிபோகும் என்று கேளுங்கள். எதற்கும் கொண்டையையும் ஒருமுறை தட்டிப் பாருங்கள். எனக்கு அது பழக்கமாகி, ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாயிடம் ஏச்சு வாங்கினேன்.

அடுத்த கிளினிக்குக்குப் பூமணியக்கா ஒற்றைப் பின்னலோடு நிமிர்ந்து நடந்து வந்தார். பின்னால் குகன், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, அடிமேல் அடி வைத்து வந்தான். தாய் அவனைத் தோளில் பிடித்துச் சுவரோடு நிறுத்தினார்.

"மிஸ், இவனயும் ஒருக்கா அளந்து பாருங்க. குறைஞ்சிரிந்தா வித்துப்போடுவம்."